கட்டு வேறு, பாக்கெட் வேறு

நமக்குப் பழக்கமான சீட்டுக்கட்டில் 52 சீட்டுகள். எந்த ஊரில் வாங்கினாலும் அதே 52தான். ஆட உட்காருகிறவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரே கட்டுதான். 1993இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு விளையாட்டு இந்த ஏற்பாட்டையே மாற்றியது. மந்திரங்களும் டிராகன்களும் நிறைந்த நூற்றுக்கணக்கான வகைச் சீட்டுகளிலிருந்து ஒவ்வொருவரும் தனக்கான கட்டைத் தானே தேர்ந்து சேர்த்துக்கொண்டு வர வேண்டும். எதிரே இருப்பவரின் கட்டில் என்ன இருக்கிறது என்பது ஆடும்போதுதான் தெரியும். ஆடும் சீட்டுகளை வாங்கும் விதமும் புதிதாக இருந்தது. கடையில் கிடைத்தது மூடிய பாக்கெட். உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் காசு கொடுத்துப் பிரித்த பிறகே பார்க்க முடியும். சொந்தக் கட்டும் மூடிய பாக்கெட்டும் சீட்டாட்டத்துக்குள் ஒரே நாளில் வந்து சேர்ந்தே வளர்ந்ததால், ஒன்றில்லாமல் மற்றது இல்லை என்ற எண்ணம் விற்கிறவர்களிடமும் ஆடுகிறவர்களிடமும் ஊறிவிட்டது. அந்த எண்ணம் தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். சொந்தக் கட்டு விளையாட்டுக் கலைக்குக் கிடைத்த அரிய கொடை. மூடிய பாக்கெட் ஒரு விற்பனை முறை, அவ்வளவே. முப்பது ஆண்டு அனுபவம் இதை நிரூபித்திருக்கிறது.

இந்தச் சீட்டுகளின் வேர் 1974இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டில் இருக்கிறது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்ற இருவர் உருவாக்கினார்கள். கைகாக்ஸின் டிஎஸ்ஆர் நிறுவனம் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனிவா என்ற சிற்றூரிலிருந்து வெளியிட்டது. ஒருவர் கதைசொல்லியாக உட்கார்ந்து இடத்தையும் ஆபத்தையும் வர்ணிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, தான் என்ன செய்கிறேன் என்று வாயால் சொல்வார்கள். செய்தது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். வெற்றி தோல்வி என்று முடிவு கிடையாது; கதை வாரக்கணக்கில் நீளும். இதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் ஒரு தாள். தன் பாத்திரத்தின் வலிமை என்ன, எந்த மந்திரங்கள் தெரியும், இடுப்பில் என்ன ஆயுதம் இருக்கிறது என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். ஒரே மேஜையில் உட்காரும் ஐந்து பேருக்கும் வெவ்வேறு திறமைகள். அவற்றை அவர்களே தேர்ந்து, அவர்களே வளர்த்தெடுக்கிறார்கள். சதுரங்கத்திலோ ரம்மியிலோ இதற்கு இடமே இல்லை. 1990களில் சீட்டுக்கு இடம்மாறியது இந்த உரிமைதான்.

மாற்றியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சேர்வியல் என்னும் கணிதப் பிரிவில் முனைவர் பட்டம் பெற்றவர். தான் வடிவமைத்த ஒரு ரோபோ பந்தய விளையாட்டை வெளியிடச் சொல்லி, சியாட்டில் அருகே இருந்த 'விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' என்ற சிறு நிறுவனத்தை அணுகினார். அதன் தலைவர் பீட்டர் அட்கிசன், அதைத் தயாரிக்கச் செலவு அதிகமாகும் என்று சொல்லி, விளையாட்டு மாநாடுகளில் ஓர் ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவே கிடைக்கும் ஓய்வில் ஆடும்படி கையடக்கமான ஒன்றைக் கேட்டார். அப்படிப் பிறந்தது 'மேஜிக்: தி கேதரிங்'. டிஎஸ்ஆர் நடத்திவந்த ஜென் கான் மாநாட்டிலேயே, மில்வாக்கி நகரில், 1993 ஆகஸ்டில் அது கடைவிரித்தது. முதலில் அச்சான 26 லட்சம் சீட்டுகள் ஆறு மாதம் தாங்கும் என்று நினைத்தார்கள். சில வாரங்களில் தீர்ந்தன. அக்டோபரில் மேலும் 73 லட்சம் அச்சிட வேண்டியதாயிற்று.

ஆட்டத்தின் அடிப்படை எளிது. இருவருமே மந்திரவாதிகள், ஆளுக்கு 20 உயிர்ப் புள்ளிகள். நிலச் சீட்டுகளை இறக்கி மந்திர ஆற்றலைத் திரட்டி, அந்த ஆற்றலைச் செலவிட்டு விலங்குகளை வரவழைத்தோ மந்திரம் ஏவியோ எதிரியின் புள்ளிகளைத் தீர்க்க வேண்டும். ஐந்து நிறங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம்: சிவப்பு அவசரக்காரன், நீலம் தடுத்து ஏமாற்றுகிறவன், கறுப்பு எதையும் பலிகொடுக்கத் துணிந்தவன். கட்டில் குறைந்தது 60 சீட்டு இருக்க வேண்டும். அடிப்படை நிலச் சீட்டுகளைத் தவிர வேறு எந்தச் சீட்டும் நான்குக்கு மேல் கூடாது. இந்தச் சின்ன வரம்புக்குள் எத்தனை சேர்க்கைகள் சாத்தியம் என்று எண்ணி முடியாது. பத்து மந்திரங்களைச் சேர்க்க ஆசைப்பட்டால் வேறு பத்தைக் கழிக்க வேண்டும்; விலை கூடிய டிராகன்களை நிரப்பினால் அவற்றை இறக்கும் முன்பே தோற்றுப்போகலாம். ஆட்டத்தின் பாதி, மேஜைக்கு வருவதற்கு முன்பே, வீட்டில் சீட்டுகளைப் பரப்பி வைத்து யோசிக்கும்போது நடந்துவிடுகிறது. வாங்கிய பொருளின் சொந்தக்காரர் அதன் வடிவமைப்பாளராகவும் ஆகிவிடுகிறார். பாத்திரத் தாள் எழுதிய அதே கைதான் இங்கே கட்டைச் சேர்க்கிறது. இந்தத் துறையில் மதிக்கத்தக்கது எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

கற்பனை உலகத்துக்கே சொந்தக்காரர்களான டிஎஸ்ஆர் இதில் ஏன் பின்தங்கியது என்பது பாடமான கதை. அந்த நிறுவனம் மேஜிக்குக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1991இல், தன் மாயலோகப் பாத்திரங்களைப் படச் சீட்டுகளாக வெளியிட்டிருந்தது. பார்க்கலாம், சேர்க்கலாம், மாற்றிக்கொள்ளலாம், ஆட முடியாது. மேஜிக் வெற்றி பெற்றதும் 1994இல் 'ஸ்பெல்ஃபயர்' என்ற ஆட்டச் சீட்டை அவசரமாகக் கொண்டுவந்தது. ஆறு ராஜ்யங்களை நிறுவிக் காப்பாற்றுகிறவர் வெல்வார். வீரர்கள் எதிரியின் ராஜ்யத்தைத் தாக்குவார்கள். கதைக்குப் பஞ்சமில்லை: ஃபர்காட்டன் ரெல்ம்ஸ், டார்க் சன், ரேவன்லாஃப்ட் என்ற கற்பனை உலகங்களாக இருபது ஆண்டுச் சொத்து கையில் இருந்தது. ஆனால் படங்கள் பெரும்பாலும் பழைய புத்தகங்களிலும் அட்டைகளிலும் ஏற்கெனவே வந்தவை. சீட்டின் மேல் பெயரும் படமும் இருந்தன. அந்தப் பெயருக்குரிய அனுபவம் ஆட்டத்தில் இல்லை. 1997இல், கடைகளிலிருந்து திரும்பிவந்த புத்தகங்கள், விற்காத சரக்கு, பெருங்கடன் என்று டிஎஸ்ஆர் நொடித்தபோது, அதை விலைக்கு வாங்கியது விசார்ட்ஸ் நிறுவனம். அந்த நொடிப்புக்கு ஸ்பெல்ஃபயர் ஒன்றே காரணம் என்பது நியாயமாகாது, காரணங்கள் பல. ஆனால் மூடிய பாக்கெட், அரிய சீட்டு, பிரபலமான உலகம் என மூன்றும் இருந்தும் அந்த ஆட்டத்தால் மேஜிக்கின் பக்கத்தில்கூட நிற்க முடியவில்லை. அதே ஆண்டுகளில் பாக்கெட்டில் வந்து மறைந்த சீட்டு விளையாட்டுகள் ஏராளம். பாக்கெட்தான் வெற்றியின் ரகசியம் என்றால் அவை எல்லாம் வாழ்ந்திருக்க வேண்டும்.

உலகத்தைச் சீட்டுக்குள் சரியாகக் கொண்டுவந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணம், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸும் மேஜிக்கும் ஒரே கூரையின் கீழ் வந்து 24 ஆண்டுகள் கழிந்த பிறகுதான் கிடைத்தது. 2021 ஜூலையில் 'அட்வென்ச்சர்ஸ் இன் தி ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' என்ற மேஜிக் தொகுப்பு வெளிவந்தது. அதில் நிலவறைச் சீட்டுகள் உண்டு. ஆட்டத்தின் நடுவே ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்கு நகரலாம், இடப்பக்கமா வலப்பக்கமா என்று வழியைத் தேர்ந்துகொள்ளலாம், ஒவ்வொரு அறையிலும் ஒரு விளைவு காத்திருக்கும். இருபது முகப் பகடையை உருட்டச் சொல்லும் சீட்டுகள் உண்டு. சில சீட்டுகளின் பெயரே கதைசொல்லியின் வாக்கியம்: நீ ஓர் ஆற்றங்கரைக்கு வருகிறாய். வெள்ளத்தை எதிர்க்கலாம், கடக்கும் வழி தேடலாம். இரண்டில் ஒன்றை ஆடுகிறவர் தேர்வு செய்ய வேண்டும். ஐந்து தலை டிராகன் தியாமத்தின் தலைகள் வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை. மேஜிக்கின் ஐந்து நிறங்களும் அவையே என்பதால், ஐந்து நிற ஆற்றலும் சேர்ந்தால்தான் அவளை அழைக்க முடியும் என்று வைத்தார்கள். ஸ்பெல்ஃபயரில் இல்லாதது இதுதான்: படம் சொல்வதை விதியும் சொல்கிறது. இந்தத் தொகுப்பு பாக்கெட்டிலும் வந்தது. உள்ளே இருக்கும் நூறு சீட்டுகளின் பட்டியலை முன்கூட்டியே வெளியிட்ட நான்கு ஆயத்தக் கட்டுகளாகவும் வந்தது. அந்தக் கட்டை வாங்கியவருக்கு டிராகன் எந்த விதத்திலும் குறைந்துவிடவில்லை.

இனி பாக்கெட்டைப் பிரித்துப் பார்ப்போம். பல ஆண்டுகள் வழக்கத்தில் இருந்த பாக்கெட்டில் 15 சீட்டுகள்: சாதாரணம் 11, அடுத்த படி 3, அரியது 1. எளிமைக்காக, ஒரு தொகுப்பில் 60 வகை அரிய சீட்டுகள், எல்லாம் சம வாய்ப்பில் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். நமக்கு வேண்டிய ஒன்று கிடைக்கச் சராசரியாக 60 பாக்கெட் பிரிக்க வேண்டும். அறுபதைப் பிரித்தும் அது கையில் வராமல் போகும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கும் மேல். கட்டில் அதே சீட்டு நான்கு வைக்கலாம் என்பது விதி. நான்கும் வேண்டுமென்றால் சராசரி 240 பாக்கெட். அறுபது வகையிலும் ஒவ்வொன்று சேர்க்க ஆசைப்பட்டால் ஏறக்குறைய 281. கடைசி வகை ஒன்றே பாக்கி என்னும்போது, அந்த ஒன்றுக்காகவே மேலும் 60 பாக்கெட் ஆகும். சேர்க்கச் சேர்க்கச் செலவு ஏறுகிறது, கிடைப்பது குறைகிறது. இந்தக் கணக்கு கணித மாணவர்களின் பாடநூலில் இருப்பது. சேர்வியல் படித்த கார்ஃபீல்டுக்குத் தெரியாததல்ல. அவர் எதிர்பார்த்தது வேறு. ஒருவர் ஒரு கட்டும் சில பாக்கெட்டுகளும் வாங்குவார், யாரிடமும் எல்லாச் சீட்டும் இராது, ஊருக்கு ஊர் வேறு வேறு சீட்டுகள் வலம்வரும், பலமான சீட்டு அரிதாகவே தட்டுப்படும் என்பது அவருடைய கணிப்பு. ஆனால் மக்கள் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். நான்கு சீட்டு வரம்பும் 60 சீட்டுக் கட்டும் 1994இல், போட்டிகளுக்காகப் பிறகு சேர்க்கப்பட்டவை. ஆக, பாக்கெட் முறை எந்த நம்பிக்கையில் தொடங்கியதோ அது முதல் ஆண்டே பொய்த்துவிட்டது; முறை மட்டும் நிலைத்துவிட்டது.

நிலைத்ததற்குக் காரணம் பணம். 1993இல் அச்சான 'பிளாக் லோட்டஸ்' என்ற ஒற்றைச் சீட்டு 2021 ஜனவரியில் 5,11,100 டாலருக்கு ஏலம் போனது. 1995இல் பழைய சீட்டுகளை மறுபதிப்புச் செய்தபோது சேகரிப்பாளர்கள் கொதித்தார்கள். 1996இல் நிறுவனம் ஒரு பட்டியல் போட்டு, இவற்றை மீண்டும் அச்சிடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தது. ஆடுகிறவருக்கு ஒரு சீட்டு வேண்டும், அதை அச்சிட ஆகும் செலவு சொற்பம், ஆனாலும் அச்சிடக் கூடாது என்பது அந்த வாக்கின் பொருள். 2022இல் முப்பதாவது ஆண்டை ஒட்டி, அந்தப் பட்டியல் சீட்டுகளையும் கொண்ட தொகுப்பு ஒன்று வந்தது: நான்கு பாக்கெட், விலை 999 டாலர், பின்பக்கம் வேறுமாதிரி இருப்பதால் அதிகாரபூர்வப் போட்டியில் ஆட முடியாது, உள்ளே எது இருக்கும் என்பதும் தெரியாது. அதே ஆண்டில் மேஜிக்கின் வருமானம் 100 கோடி டாலரைத் தாண்டியது. 1999இல் விசார்ட்ஸை வாங்கிய ஹாஸ்ப்ரோ நிறுவனத்தில் அந்த அளவைத் தொட்ட முதல் பெயர் அதுதான்.

பாக்கெட்டை ஆதரிப்பவர்களின் வாதங்களில் வலுவானது 'டிராஃப்ட்' என்னும் ஆட்ட முறை. எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கு மூன்று பாக்கெட் வைத்து, ஒன்றைப் பிரித்து ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பார்கள். இப்படிச் சேர்ந்த சீட்டுகளை வைத்து அங்கேயே கட்டு அமைத்து ஆட வேண்டும். பணக்காரர், பழைய சேகரிப்பு உள்ளவர் என்ற வித்தியாசம் அங்கே எடுபடாது. எதிர்பாராமல் வருவதை வைத்துச் சமாளிப்பதே திறமை. இது அருமையான ஆட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு வேண்டியது தற்செயல். தற்செயலை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. ஆடுகிறவர்களே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தாங்கள் விரும்பும் 360 சீட்டுகளைத் தேர்ந்தெடுத்து 'கியூப்' என்று ஒரு பெட்டியில் வைத்துக்கொள்கிறார்கள். எட்டுப் பேருக்கு ஆளுக்கு 45 வீதம் பிரித்தால் சரியாக ஒரு டிராஃப்ட். ஆடி முடித்ததும் கலைத்து மீண்டும் பெட்டியில் போடலாம். நூறு தடவை ஆடினாலும் ஆச்சரியம் தீராது, புதிதாகச் செலவும் வராது.

அடுத்த வாதம், பாக்கெட் இல்லாமல் இத்தகைய விளையாட்டு பிழைக்காது என்பது. இதற்கு 'நெட்ரன்னர்' நல்ல பதில். கார்ஃபீல்டே வடிவமைத்து, 'சைபர்பங்க்' என்ற எதிர்கால உலகப் பாத்திர விளையாட்டை அடியொற்றி 1996இல் பாக்கெட்டுகளில் வந்த ஆட்டம் அது. பாராட்டு கிடைத்தது, விற்பனை நிலைக்கவில்லை. சில ஆண்டுகளில் மறைந்தது. 2012இல் ஃபேண்டசி ஃப்ளைட் நிறுவனம் அதே ஆட்டத்தைத் திருத்தி, பெட்டியில் என்ன இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லி விற்றது. உலகப் போட்டிகள் நடக்கும் அளவுக்கு வளர்ந்து, உரிமம் முடிந்ததால் 2018இல் நின்றது. அதற்குப் பிறகும் ரசிகர்களே ஓர் அமைப்பாகச் சேர்ந்து புதிய சீட்டுகளை வடிவமைத்து வெளியிட்டு வருகிறார்கள். பாக்கெட்டில் தங்காத உயிர் பெட்டியில் தங்கியது. 2013இல் வந்த 'பாத்ஃபைண்டர் அட்வென்ச்சர்' சீட்டு விளையாட்டு இன்னும் ஒரு படி மேலே போனது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் வழிவந்த பாத்ஃபைண்டர் என்ற பாத்திர விளையாட்டை அது சீட்டாக்கியது. அதில் எல்லோரும் ஒரே அணி. எதிரி பெட்டிக்குள் இருக்கிறான். ஒவ்வொருவரின் கட்டே அவருடைய பாத்திரம். மந்திரமும் ஆயுதமும் துணையும் அந்தக் கட்டில் இருக்கின்றன. அடிபட்டால் கையிலிருக்கும் சீட்டு கழிகிறது. எடுக்க வேண்டிய நேரத்தில் கட்டில் சீட்டு தீர்ந்திருந்தால் பாத்திரம் இறந்துபோகிறது. சாகசம் முடிந்து கிடைக்கும் புதையலைக் கட்டில் சேர்த்து, பழையதைக் கழித்து, அடுத்த வாரம் தொடரலாம். சொந்தக் கட்டு, வளர்ச்சி, எதிர்பாராத புதையல் எல்லாம் உண்டு. மூடிய பாக்கெட்டைத் துரத்தும் வேலை இல்லை. இவற்றில் எதுவும் மேஜிக்கின் வருமானத்தை எட்டவில்லை என்பது உண்மைதான். எட்டாதது கம்பெனிக்கு நஷ்டமாக இருக்கலாம். ஆடுகிறவருக்கு அதில் என்ன நஷ்டம்?

இது சூதாட்டமா என்ற கேள்வியைத் தமிழ் வாசகர் கேட்காமல் இருக்கமாட்டார். ரம்மியை வைத்து இங்கே அவ்வளவு விவாதம் நடந்திருக்கிறது. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1967இல் சொன்னது. அந்த அளவுகோலில் பார்த்தால் மேஜிக் ஆட்டமும் திறமைதான். கட்டு அமைப்பதிலும் ஆடுவதிலும் கற்றவர் கல்லாதவரை வெல்வார். வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. ரம்மியில் தற்செயல் சீட்டுப் போடும்போது வருகிறது. இங்கே கடையில் காசு கொடுக்கும்போதே வந்துவிடுகிறது. ஒன்றும் கிடைக்காமல் போவதில்லை, சொன்ன எண்ணிக்கையில் சீட்டு கட்டாயம் கையில் வரும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். சொல்வது சரிதான். ஆனால் அவற்றில் ஒன்றுக்குச் சந்தையில் பெருவிலையும் மற்றவற்றுக்குச் சில்லறை விலையும் இருக்கும்போது, அந்த ஒன்றுக்காகப் பிரிக்கும் கைக்கு மற்றவை ஆறுதல் மட்டுமே. வயது வந்தவர் தெரிந்தே செய்தால் அது அவர் பாடு. பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு தெரியாது. வேண்டிய சீட்டைத் தனியாக விலைக்கு வாங்கலாமே என்பதும் ஒரு பதில். நல்ல வழிதான்; ஆனால் அந்தத் தனிச்சீட்டின் விலையைத் தீர்மானிப்பதே அது பாக்கெட்டில் எத்தனை அரிதாக வருகிறது என்பதுதான்.

இந்த விளையாட்டுகளை எதிர்த்தவர்கள் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை என்பது வருத்தம். 1980களில் அமெரிக்காவில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பிள்ளைகளைச் சாத்தான் வழிபாட்டுக்கு இழுக்கிறது என்று பெரிய பீதி கிளம்பியது. அந்த அச்சத்தின் நிழல் மேஜிக்கிலும் விழுந்தது; 1995 பதிப்பில் ஒரு சீட்டின் படத்திலிருந்த ஐங்கோண நட்சத்திரத்தை அழித்தார்கள், பேய்ச் சீட்டுகளைச் சில ஆண்டுகள் ஒதுக்கிவைத்தார்கள். படத்திலிருந்த பேய் யாருக்கும் தீங்கு செய்ததாக எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. பிள்ளைகளின் கைக்காசை எடுத்துக்கொண்டிருந்த மூடிய உறையை அந்தப் பதற்றக்காரர்கள் கவனிக்கவே இல்லை.

இந்தச் சீட்டுகள் நம் நகரங்களிலும் இணையக் கடைகளிலும் கிடைக்கின்றன. வீட்டில் ஒரு பிள்ளை கேட்டால் மறுக்க வேண்டாம். படிக்கவும் கணக்குப் போடவும் தோற்றுப் பழகவும் இதைவிட நல்ல துணை அதிகமில்லை. உள்ளே இருப்பதன் பட்டியல் வெளியாகியிருக்கும் ஆயத்தக் கட்டுகள் இரண்டை முதலில் வாங்குங்கள், ஒன்று பிள்ளைக்கு, ஒன்று எதிரே உட்காருகிறவருக்கு. அவற்றைப் பல மாதம் ஆடிய பிறகு ஏதோ ஒரு சீட்டு குறைகிறது என்று தோன்றினால், அந்தச் சீட்டை மட்டும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.